செயன்முறை விளக்கக் கட்டுரை: வாகனத்தின் கறுப்புப் பிளாஸ்ரிக்கில் படிந்த மெழுகை அகற்றுதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தமிழ்மொழி – கட்டுரைப் பயிற்சி

பாடத்தின் நோக்கங்கள்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
1. ஒரு செயன்முறையை ஒழுங்கு மாறாமல் விளக்குவீர்கள்.
2. ஒவ்வொரு படிக்கும் உரிய காரணத்தை எடுத்துக்காட்டுவீர்கள்.
3. செய்யத்தகாதவற்றைக் காரணத்துடன் எச்சரிப்பீர்கள்.

அறிமுகம்



செயன்முறை விளக்கக் கட்டுரை எழுதும்படி கேட்டால் தேநீர் தயாரித்தல், பட்டம் கட்டுதல், பூக்கன்று நடுதல் ஆகிய தலைப்புகளில் ஒன்றையே பலரும் தெரிவுசெய்கின்றனர். இவை முன்னரே மனனஞ் செய்யப்பட்டவை. ஆகையால், நீங்கள் மனனஞ் செய்திருக்க முடியாத தலைப்பு ஒன்றை எனது வகுப்பில் ஒருமுறை கொடுத்தேன்.

வினா: வாகனத்துக்கு மெழுகு பூசியபோது அதன் கறுப்புப் பிளாஸ்ரிக் பகுதிகளிலும் மெழுகு பட்டு, வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. அதனை அகற்றும் முறையை உமது நண்பனுக்கு விளக்கி ஒரு கட்டுரை எழுதுக.

ஒரு மாணவன் ஒரே வரியில் விடையை முடித்திருந்தான்: "பெற்றோலில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும்."

"ஏன் பெற்றோல்?" என்று கேட்டேன்.

"நான் வேலை செய்யிற இடத்தில அப்பிடித்தான் சேர் துடைக்கிறவை" என்றான்.

அவன் சனி, ஞாயிறு பின்னேரங்களில் வாகனம் கழுவும் ஓர் இடத்தில் வேலை செய்கிறான். அந்தக் கூலியில்தான் வகுப்புக் கட்டணம் கட்டுகிறான். அவனது விடைக்குக் குறுக்கே சிவப்புக் கோடு கீற எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், அதே பிழையை நானும் ஒருகாலத்தில் செய்தவன்.

என்னுடைய அண்ணா லீசிங்கில் பழைய வேன் ஒன்றை எடுத்திருந்தார். முதலாவது ஹயர் ஒரு கல்யாண வீட்டுக்கு. முதல்நாள் இரவு, அண்ணாவுக்கு உதவுவதாக எண்ணி, வேன் முழுவதற்கும் நானே மெழுகு பூசினேன். பெயின்ற் பகுதி எது, பிளாஸ்ரிக் பகுதி எது என்று பாராமல் பம்பர், பக்கக் கண்ணாடிக் கூடு, கதவுக் கைபிடி எல்லாவற்றிலும் பூசித் துடைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் கறுப்புப் பகுதிகளெல்லாம் வெள்ளைத் திட்டு. தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். திட்டுகள் மறைந்தன. நிம்மதியாகப் புறப்பட்டோம். கோயில் வாசலை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. பம்பர் திருநீறு பூசியதுபோல மீண்டும் வெளுத்திருந்தது. கல்யாண வீட்டார் பார்த்துச் சிரித்தனர். அண்ணா வெட்கத்தில் பெற்றோல் துணியால் அழுத்தித் துடைத்தார். அந்தக் கணத்தில் திட்டு மறைந்தது. சற்று நேரத்தில் முன்னையதைவிட அகலமாகப் படர்ந்தது. அழுத்தித் தேய்த்த இடம் மங்கிப்போய், பின்னர் ஒருபோதும் பழைய கறுப்புக்குத் திரும்பவில்லை. வேனை விற்கும்போது வாங்க வந்தவர் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டித்தான் விலையைக் குறைத்தார்.

அன்று எங்களிடம் மெழுகும் இருந்தது, துணியும் இருந்தது, உழைப்பும் இருந்தது. இல்லாதிருந்தது ஒன்றுதான்: காரணம் பற்றிய அறிவு. கட்டுரை எழுதும்போதும் பெரும்பாலான மாணவர்கள் விட்டுவிடுவது இதனையே. எனவே, முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். எழுதும் முறையைப் பின்னர் பார்ப்போம்.

1. பொருளை அறிதல்

(அ) மெழுகு என்பது யாது?

வாகனங்களுக்குப் பூசும் மெழுகு ஒரே பொருளால் ஆனதன்று. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் இலைகளிலிருந்து பெறப்படும் கார்னோபா மெழுகு இவற்றுள் புகழ்பெற்றது. இது ஏறத்தாழ 82 – 86 °C இல் உருகும். தேன்மெழுகு 62 – 64 °C இல் உருகும். பெற்றோலியத்திலிருந்து பெறப்படும் பரபின் மெழுகும் சில தயாரிப்புகளில் கலக்கப்படுகிறது. இவற்றைப் பூசுவதற்கு இலகுவாக மென்மையாக்கும் கரைப்பான்களும், சில தயாரிப்புகளில் மேற்பரப்பைத் துலக்கும் மிக நுண்ணிய தூளும் சேர்க்கப்பட்டிருக்கும்.

பூசியதும் கரைப்பான் ஆவியாகிவிடும். மெழுகும் தூளும் எஞ்சும். பெயின்ற் பூசிய தகடு வழுவழுப்பானது. ஆகையால் எஞ்சியதைத் துணியால் துடைத்து எடுத்துவிடலாம்.

(ஆ) கறுப்புப் பிளாஸ்ரிக் என்பது யாது?

வாகனத்தின் பெயின்ற் பூசப்படாத பம்பர், பக்கக் கண்ணாடிக் கூடு, முன்கண்ணாடியின் அடியிலுள்ள மூடி ஆகியவற்றுட் பல பொலிபுரோப்பிலீன் என்னும் பல்பகுதியத்தால் ஆனவை. பம்பர்களில் இதனோடு இறப்பர்த் தன்மையுள்ள பொருளும் கலக்கப்படுவதுண்டு. இவற்றின் மேற்பரப்பு வேண்டுமென்றே சொரசொரப்பாக அமைக்கப்படுகிறது. உற்றுப் பார்த்தால் தோலின் வரிகள் போன்ற நுண்ணிய குழிகளும் மேடுகளும் தெரியும்.

மெழுகு இக்குழிகளுக்குள் இறங்கிக் காய்ந்துவிடுகிறது. துடைக்கும் துணி மேடுகளை மாத்திரமே தொடுகிறது. குழிக்குள் இருப்பது அப்படியே கிடக்கிறது. இதுவே சிக்கலின் வேர்.

(இ) வெள்ளையாகத் தெரிவது ஏன்?

மெல்லிய மெழுகுப் படை ஏறத்தாழ நிறமற்றது. ஆயினும் காய்ந்து வெடித்த மெழுகுத் துணிக்கைகளுக்கு இடையிலும் தூளுக்கு இடையிலும் வளி அடைபட்டிருக்கிறது. வளியின் முறிவுச்சுட்டி 1.00; மெழுகினுடையது ஏறத்தாழ 1.44. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாகையால், ஒளி ஒவ்வோர் எல்லையிலும் தெறித்துப் பல திசைகளிலும் சிதறுகிறது. சிதறிய ஒளி நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகிறது. பின்னணி கறுப்பாக இருப்பதால் அது இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

2. மறைதலும் நீங்குதலும்

மாணவர்களே, இப்பாடத்தின் உயிர்நிலை இப்பகுதியே. ஆழ்ந்து வாசிக்கவும்.

தண்ணீர் ஊற்றியதும் எங்கள் வேனின் திட்டுகள் மறைந்தனவல்லவா? தண்ணீரின் முறிவுச்சுட்டி 1.33. அது வளி இருந்த இடைவெளிகளை நிரப்பியதும் மெழுகுக்கும் அதைச் சூழ்ந்திருப்பதற்கும் இடையிலான வேறுபாடு குறைந்தது. ஒளிச் சிதறலும் குறைந்தது. ஆகவே திட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. வெயிலில் தண்ணீர் ஆவியானதும் வளி மீண்டும் புகுந்தது. திட்டும் மீண்டும் தோன்றியது. மெழுகு ஓரணுவும் அசையவில்லை.

தேங்காய் எண்ணெய் பூசினால் நிகழ்வதும் இதுவே. அதன் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.45. மெழுகினுடையதற்கு மிக அண்மையானது. ஆகையால் திட்டு முற்றாக மறைந்துவிட்டதுபோலத் தோன்றும். எண்ணெய் தண்ணீரைப்போல் விரைவாக ஆவியாகாது. எனவே சில நாட்கள்வரை ஏமாற்றும். பின்னர் வீதித் தூசி எண்ணெயில் ஒட்டி, திட்டு அழுக்கு நிறத்தில் வெளிப்படும். பிளாஸ்ரிக்குக்கு மினுக்கம் தரும் எண்ணெய்த் தன்மையான பூச்சுகளை மெழுகின் மேலேயே பூசுவதும் அவ்வாறானதே.

பெற்றோலின் செயல் சற்று வேறானது. அது மெழுகைக் கரைக்கும். ஆனால் கணப்பொழுதில் ஆவியாகிவிடும். துணி கரைசலை உறிஞ்சி எடுக்குமுன் பெற்றோல் பறந்துவிட, கரைந்த மெழுகு பக்கத்துக் குழிகளில் மீண்டும் படிகிறது. திட்டு அகலமானதன் காரணம் இதுவே.

ஆகவே பின்வரும் விதியை மனங்கொள்க:

ஈரமாக இருக்கும்போது தெரியாதது நீங்கியதாகாது. நன்கு உலர்ந்த பின்னரும் தெரியாததே நீங்கியது.

எந்த முறையைக் கையாண்டாலும், உலரவிட்டுப் பார்த்த பின்னரே வெற்றியோ தோல்வியோ கூறவேண்டும்.

3. மெழுகுதானா என்று சோதித்தல்

கறுப்புப் பிளாஸ்ரிக் வெளுத்திருப்பதற்கு மெழுகு மாத்திரம் காரணமன்று. நெடுநாள் வெயிலில் நின்ற வாகனங்களின் பிளாஸ்ரிக், கழியூதாக் கதிர்களாலும் ஒட்சிசனாலும் சிதைந்து சாம்பல் நிறமாகும். அது பொருளின் மேற்பரப்பே பழுதடைந்த நிலை. அதனைக் கழுவி எடுக்கமுடியாது. இரண்டையும் பின்வருமாறு வேறுபடுத்தலாம்.

- மெழுகுத் திட்டு பெரும்பாலும் பெயின்ற் பகுதியை ஒட்டிய விளிம்பிலும், கை சென்ற வழியே வளைகோடுகளாகவும் காணப்படும். வெயிலால் வந்த வெளுப்பு வெயில்படும் பக்கம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும்.
- ஒரு சிறிய மூலையைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்க்கவும். உலர்ந்த நிலையிலேயே கறுப்பு மீண்டும் தெரிந்தால் அது மெழுகாக இருக்கலாம். எவ்வித மாற்றமும் இல்லையெனில் வெயிலின் தாக்கமாக இருக்க வாய்ப்புண்டு.

நண்பனுக்கு எழுதும் கட்டுரையில் இச்சோதனையை முதற் பந்தியிலேயே சேர்த்துக்கொண்டால், பொருளை விளங்கி எழுதியிருக்கிறீர்கள் என்பது உடனே புலப்படும்.

4. அகற்றும் படிகள்

பொதுவிதி: மென்மையான முறையில் தொடங்குக. அது போதாதவிடத்து மாத்திரம் அடுத்த முறைக்குச் செல்க. வன்மையான முறையால் வந்த பழுதை மென்மையான முறையால் திருத்தமுடியாது என்பதே காரணம்.

வாகனத்தை நிழலில் நிறுத்துக. கறுப்புப் பிளாஸ்ரிக் வெயிலில் விரைவாகச் சூடேறும். சூடான மேற்பரப்பில் சவர்க்கார நீரும் கரைப்பானும் வேலை செய்யுமுன்னரே உலர்ந்துவிடும்.

படி 1: சவர்க்கார நீர்

கை பொறுக்கக்கூடிய இளஞ்சூட்டு நீரில் வாகனம் கழுவும் ஷாம்புவையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ சிறிதளவு கலக்கவும். பழைய, மென்மையான பற்தூரிகையால் சிறு வட்டங்களாகத் தேய்க்கவும். பின்னர் நன்கு அலசி உலரவிடவும்.

காரணம்: சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெய்த் தன்மையான பொருளை நாடும். ஆகையால் தளர்ந்த மெழுகை நீரோடு எடுத்துச்செல்ல அதனால் முடிகிறது. இளஞ்சூடு மெழுகை உருக்காவிட்டாலும் மென்மையாக்கும். துணி எட்டாத குழிகளுக்குள் தூரிகையின் மயிர்கள் எட்டும்.

படி 2: அழிறப்பர்

மேற்பரப்பு உலர்ந்த பின்னர் வெள்ளைநிறப் பென்சில் அழிறப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்கவும். உதிரும் துகள்களைத் தூரிகையால் தட்டி அகற்றவும்.

காரணம்: அழிறப்பர் குழிகளுக்கேற்ப வளைந்து கொடுக்கும். உராய்வினால் மெழுகு பெயர்ந்து உதிர்துகள்களில் ஒட்டிக்கொண்டு வெளியேறும். திரவம் எதுவும் இல்லாததால் மெழுகு வேறிடத்திற்குப் பரவவும் வழியில்லை.

அவதானம்: சில அழிறப்பர்களில் மை அழிப்பதற்கென ஒரு நீலப் பக்கம் இருக்கும். அது பிளாஸ்ரிக்கைக் கீறும். அதனைப் பயன்படுத்தலாகாது.

உங்கள் கொம்பாஸ் பெட்டிக்குள் கிடக்கும் பொருளே சிறிய திட்டுகளுக்குப் போதுமானது என்பதைக் கவனியுங்கள்.

படி 3: வெப்பம்

திட்டு தடித்ததாயின் தலைமுடி உலர்த்தியால் சூடான காற்றைச் செலுத்தலாம். ஏறத்தாழ ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மெழுகு மினுங்கத் தொடங்கியதும் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கவும். ஒவ்வொரு முறையும் துணியின் புதிய பக்கத்தைப் பயன்படுத்தவும்.

காரணம்: இளகிய மெழுகைத் துணியின் நூல்கள் உறிஞ்சிக்கொள்ளும். அழுக்கான பக்கத்தால் மீண்டும் துடைத்தால் எடுத்த மெழுகையே திரும்பப் பூசியதாகும்.

அவதானம்: பெயின்ற் உரிக்கப் பயன்படும் வெப்பக் காற்றுக் கருவி இதற்கு உரியதன்று. அவற்றுட் சில 500 °C இற்கும் மேற்பட்ட வெப்பக்காற்றை வெளிவிடும். பொலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160 °C இல் உருகிவிடும். அதற்கு முன்னரே இளகி நெளியும்.

படி 4: கரைப்பான்

முன்னைய மூன்று படிகளாலும் நீங்காத எச்சத்துக்கு மாத்திரமே இப்படி உரியது. ஐசோபுரோபைல் அற்ககோலையும் நீரையும் சம அளவிற் கலந்து, துணியில் எடுத்துத் துடைக்கலாம். அற்ககோல் மெழுகை முற்றாகக் கரைக்காது. ஆயினும் அதிலுள்ள எண்ணெய்த் தன்மையான பகுதிகளைத் தளர்த்தும். அதுவும் போதாதெனில், பெயின்ற் கடைகளிற் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைத் துணியில் மிகச் சிறிதளவு எடுக்கலாம். அது பெற்றோலைவிட மெதுவாக ஆவியாகும். ஆகையால் கரைந்த மெழுகைத் துணியில் ஒற்றி எடுப்பதற்கு அவகாசம் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை:
- முதலில் வெளியே தெரியாத ஒரு மூலையில் தொட்டுப் பார்த்து, உலரும்வரை பொறுத்திருக்கவும்.
- கரைப்பானைப் பிளாஸ்ரிக்கில் நேரடியாக ஊற்றலாகாது. துணியில் எடுத்தே துடைக்கவேண்டும்.
- திறந்த வெளியில், நெருப்புக்குத் தொலைவில், கையுறை அணிந்து செய்யவேண்டும்.
- முன்விளக்குகளின் மூடியிலும், அண்மையில் பெயின்ற் பூசிய இடங்களிலும் படவிடலாகாது. இக்கால முன்விளக்கு மூடிகள் பெரும்பாலும் பொலிகாபனேற்றினால் ஆனவை. கரைப்பான்கள் அதில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கக்கூடும்.

படி 5: முடிவுச் சோதனை

மீண்டும் சவர்க்கார நீரால் கழுவி, அலசி, முற்றாக உலரவிடுக. உலர்ந்த பின்னரும் கறுப்பாகவே இருந்தால் வேலை முடிந்தது. விரும்பினால் இப்போது பிளாஸ்ரிக்குக்கு உரிய பூச்சைப் பூசலாம். மெழுகை அகற்றிய பின் பூசுவது பாதுகாப்பு. அகற்றாமற் பூசுவது மூடிமறைப்பு.

5. செய்யத்தகாதவை

- பெற்றோல்: சுமார் –40 °C இலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். பம்பரிலுள்ள இறப்பர்த் தன்மையான பகுதியை வீங்கச் செய்யும். மெழுகையும் பரப்பிவிடும்.
- தின்னர், அசற்றோன்: சிலவகைப் பிளாஸ்ரிக்குகளையே கரைத்துவிடும். ஏ.பி.எஸ். எனப்படும் பிளாஸ்ரிக் அசற்றோனில் கரையும்.
- இரும்புக் கம்பித் தும்பு, மணற்கடதாசி: சொரசொரப்பான வேலைப்பாட்டையே தேய்த்துவிடும். பின்னர் அவ்விடம் நிரந்தரமாக வேறுநிறத்தில் தெரியும்.
- கச்சான் பட்டர்: சில நாடுகளில் வாகன உரிமையாளர்கள் இதனைப் பூசித் தேய்ப்பதுண்டு. அதிலுள்ள எண்ணெய் மெழுகை இளக்கும்; நுண்ணிய துணிக்கைகள் உராயும். ஆகவே முற்றிலும் பொய்யென்று தள்ளமுடியாது. ஆயினும் எண்ணெயை விட்டுச்செல்வதால் பின்னர் சவர்க்கார நீரால் கழுவியே ஆகவேண்டும். எறும்பும் வரும்.

6. வருமுன் காத்தல்

மெழுகு பூசுமுன் கறுப்புப் பகுதிகளின் விளிம்புகளில், பெயின்ற் பூசுவோர் பயன்படுத்தும் மறைப்பு நாடாவை ஒட்டுக. மெழுகைச் சிறிதளவாகச் சிறிய பஞ்சில் எடுத்துப் பூசுக. விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்துக. தவறிப் பட்டுவிட்டால் காயுமுன் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுக. ஐந்து நிமிடத்தில் ஒட்டும் நாடா, ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

7. கட்டுரையாக அமைக்கும் முறை

இனி, அறிந்தவற்றை எழுத்தில் அமைப்பதைப் பார்ப்போம். பின்வரும் பந்தி ஒழுங்கு பொருத்தமானது.

முதற் பந்தி: சிக்கல் யாது? அது ஏன் உண்டாகிறது?
இரண்டாம் பந்தி: மெழுகுதானா என்று சோதித்தல், தேவையான பொருட்கள்.
மூன்றாம், நான்காம் பந்திகள்: படிகள், ஒவ்வொன்றுக்கும் காரணம்.
ஐந்தாம் பந்தி: செய்யத்தகாதவை.
ஆறாம் பந்தி: முடிவுச் சோதனை, வருமுன் காத்தல்.

கீழே தரப்பட்டுள்ள இரு பகுதிகளையும் ஒப்பிடுக.

பகுதி அ: "முதலில் சவர்க்காரத்தால் கழுவவேண்டும். பிறகு அழிறப்பரால் தேய்க்கவேண்டும். பிறகு சூடாக்கவேண்டும். பிறகு துடைக்கவேண்டும்."

பகுதி ஆ: "முதலில் இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் மென்மையான தூரிகையை நனைத்துத் தேய். துணியால் எட்டமுடியாத குழிகளுக்குள்தான் மெழுகு ஒளிந்திருக்கிறது. தூரிகையின் மயிர் அங்கே எட்டும். கழுவியதும் திட்டு மறைந்துவிட்டதே என்று மகிழ்ந்துவிடாதே. உலரும்வரை பொறு. மீண்டும் வெளுத்தால் அடுத்த முறைக்குச் செல்வோம்."

பகுதி 'அ'வில் பிழை இல்லை. ஆனால் அதனை வாசிக்கும் நண்பன், திட்டு மறைந்ததும் வேலையை நிறுத்திவிடுவான். எங்களைப்போல் கோயில் வாசலில் வெட்கப்படுவான். பகுதி 'ஆ' அவனை அங்கிருந்து காப்பாற்றுகிறது. காரணம் தெரிந்தவன், கட்டுரையில் எழுதப்படாத ஒரு நிலைமை ஏற்பட்டாலும் தானே முடிவெடுப்பான்.

மொழி தொடர்பாக மூன்று குறிப்புகள்:
(1) "பிறகு" என்னும் சொல்லையே திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். அடுத்து, இதன்பின், உலர்ந்ததும், அது போதாதவிடத்து என மாற்றி அமைக்கலாம்.
(2) காரணத்தை இணைக்க ஏனெனில், ஆகையால், இதனால் ஆகிய சொற்களை இடமறிந்து பயன்படுத்துக.
(3) நண்பனுக்கு எழுதும்போது "தேய்", "பொறு" என ஒருமை ஏவல் பொருந்தும். பொதுக் கட்டுரையாயின் "தேய்க்கவும்", "பொறுத்திருக்கவும்" என எழுதுக. இரண்டையும் ஒரே கட்டுரையிற் கலத்தல் பிழை.

8. மாதிரிக் குறுவினாக்கள்

வினா 1: பெயின்ற் பகுதியில் இலகுவாக நீங்கும் மெழுகு, கறுப்புப் பிளாஸ்ரிக்கில் தங்குவது ஏன்?
விடை: பெயின்ற் பகுதி வழுவழுப்பானது. பிளாஸ்ரிக் சொரசொரப்பானது. அதன் நுண்ணிய குழிகளுக்குள் மெழுகு காய்ந்து தங்குவதால் துணி அதனை எட்டமுடிவதில்லை.

வினா 2: கழுவியதும் மறைந்த திட்டு, உலர்ந்ததும் மீண்டும் தோன்றுவது ஏன்?
விடை: நீர், வளி இருந்த இடைவெளிகளை நிரப்பி ஒளிச் சிதறலைக் குறைக்கிறது. நீர் ஆவியானதும் வளி புகுந்து சிதறல் மீண்டும் நிகழ்கிறது. மெழுகு நீங்கவில்லை.

வினா 3: மெழுகைக் கரைக்கும் பெற்றோல், திட்டை அகற்றத் தவறுவது ஏன்?
விடை: விரைவாக ஆவியாவதால், கரைந்த மெழுகு துணியில் சேருமுன் பக்கத்துக் குழிகளில் மீண்டும் படிந்துவிடுகிறது.

முடிவுரை

அந்த மாணவன் இக்கட்டுரையை இரண்டாம் முறை ஒன்றரைப் பக்கத்தில் எழுதித் தந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு படியின் கீழும் "ஏனெனில்" இருந்தது. அடுத்த கிழமை வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "சேர், வேலை செய்யிற இடத்தில ஒரு காரின்ர பம்பர் மூலையில அழிறப்பர் போட்டுக் காட்டினனான்" என்றான். முதலாளி முதலில் சிரித்தாராம். காய்ந்த பின்னும் அந்த மூலை கறுப்பாகவே இருந்ததைக் கண்டதும், அன்றைக்குப் பெற்றோல் போத்தலைத் திறக்க விடவில்லையாம். அவனிடம் இன்னும் இரண்டு அழிறப்பர் வாங்கிவரக் காசு கொடுத்தாராம்.

மாணவர்களே, கட்டுரையின் புள்ளி ஒரு நாளுக்கு உரியது. பிறருடைய பொருளைக் கையில் எடுக்கும் நேரம் வாழ்நாள் முழுவதும் வரும். எடுக்குமுன், "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று ஒருமுறை கேளுங்கள்.

பயிற்சி

1. மேலே தரப்பட்ட பந்தி ஒழுங்கைப் பின்பற்றி, பாடத்தின் தொடக்கத்திலுள்ள வினாவுக்கு 200 சொற்களில் விடை எழுதுக.
2. "மறைதல் வேறு, நீங்குதல் வேறு" என்பதை வாகனத்தைத் தவிர்ந்த வேறோர் உதாரணத்தால் ஒரு பந்தியில் விளக்குக.
3. உமது வீட்டில் வழமையாகச் செய்யப்படும் ஒரு வேலையைத் தெரிவுசெய்து, அதன் ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதுக. காரணம் தெரியாத படிகளைக் கோடிட்டு, வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து நிரப்புக.